ஃப்ரண்ட் லோடு மெஷின் ஆடுகிறதா, பிழிய மறுக்கிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் துணி அளவைப் பாருங்கள்

மெஷின் ஆடுகிறது, துணியைப் பிழியவில்லை, அழுக்கு போகவில்லை. ஃப்ரண்ட் லோடு மெஷினில் இந்த மூன்று புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றுக்கும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: உள்ளே என்ன துணி, எவ்வளவு போட்டீர்கள்? "எப்பவும் போடுற அளவுதான்" என்று பதில் வரும். கதவைத் திறந்தால் ஒன்று, கை நுழைய இடமில்லாமல் திணித்திருக்கும். இல்லையென்றால் ஒரே ஒரு கால்மிதி நனைந்து கிடக்கும். கூடுதலாகப் போட்டாலும் தொல்லை, ரொம்பக் குறைவாகப் போட்டாலும் தொல்லை. இரண்டாவதைத்தான் பலர் நம்ப மாட்டார்கள்.

உங்கள் மெஷின் காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைக் காலி செய்யும் காரணம் கடைசியில். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

## எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது: அளவு சரியா?

மெஷின் முகப்பில் 7 கிலோ என்று போட்டிருந்தால், அது காய்ந்த பருத்தித் துணியின் எடை. அதுவும் காட்டன் புரோகிராமுக்கு மட்டும். அதே மெஷினில் சிந்தெடிக் புரோகிராம் வைத்தால் ஏறக்குறைய பாதிதான் போடலாம். கம்பளி, டெலிகேட் என்றால் பெரும்பாலும் 2 கிலோவுக்குள். 15 நிமிடம், 30 நிமிடம் என்று வரும் குயிக் வாஷுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். உங்கள் மாடலுக்கான எண் கையேட்டில் புரோகிராம் வாரியாக அட்டவணையில் இருக்கும். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும் அந்தப் புத்தகத்தில் படிக்க வேண்டிய பக்கம் அது ஒன்றுதான்.

எடை தெரிய வேண்டுமானால், உடல் எடை பார்க்கும் மெஷினில் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள். பிறகு காலிக்கூடையோடு ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் துணியின் எடை. ஓரிரு முறை பார்த்தாலே கண்ணளவு பிடிபட்டுவிடும். ஒரு டி-ஷர்ட் 150 முதல் 200 கிராம், பெரியவர்கள் ஜீன்ஸ் 600 முதல் 800 கிராம், தடித்த குளியல் துண்டு 500 முதல் 700 கிராம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

எடை பார்க்கப் பொறுமை இல்லையா, கை போதும். துணியை அமுக்காமல் உதிரியாகப் போடுங்கள். விரல்களைச் சேர்த்து, கட்டைவிரல் மேலே இருக்கும்படி கையை நிமிர்த்தி, துணிக்கும் டிரம்மின் மேல்பக்கத்துக்கும் நடுவே நுழையுங்கள். இடிக்காமல் போனால் காட்டன் புரோகிராமுக்கு அளவு சரி. உள்ளங்கையைப் படுக்கவைத்தால்தான் நுழைகிறது என்றால் இரண்டு மூன்று உருப்படியை வெளியே எடுங்கள். சிந்தெடிக்குக்கு டிரம் பாதி, டெலிகேட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு. போர்வை, ரஜாய் மாதிரிப் பொதியான துணிகளுக்கு எடைக் கணக்கை மறந்துவிட்டு இந்தக் கை அளவை மட்டும் பாருங்கள். 3 கிலோவிலேயே டிரம் நிறைந்துவிடும்.

## ஸ்பின் நேரத்தில் ஆடுகிறது, குதிக்கிறது, இடம் நகர்கிறது

### சில நாள் மட்டும் ஆடுகிறது, மற்ற நாளில் அமைதி

அப்படியானால் மெஷின் நன்றாக இருக்கிறது. துணிதான் காரணம்.

ஆடத் தொடங்கியதும் நிறுத்தி, கதவுப் பூட்டு விடும்வரை காத்திருந்து, உள்ளே பாருங்கள். டிரம்மை லேசாகக் கையால் திருப்பினால் விஷயம் கண்ணில் படும்: ஒரு பக்கம் துணி கனமாக ஒட்டிக்கொண்டிருக்கும், நேர் எதிர்ப்பக்கம் டிரம்மின் துளைகள் மொட்டையாகத் தெரியும். அந்த ஒற்றைக் கனம்தான் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் சுழலும்போது மெஷினையே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது.

அனேகமாக அது ஒரு கால்மிதி, ஒரு ஜீன்ஸ், ஒரு குளியல் துண்டு, இல்லையென்றால் பந்தாகச் சுருண்ட படுக்கை விரிப்பாக இருக்கும். "ஒரே ஒரு துணிதானே, மெஷினுக்கு என்ன கஷ்டம்" என்று தோன்றும். அந்த ஒன்றுதான் கஷ்டம். எடையைச் சமன் செய்ய எதிர்ப்பக்கத்தில் எதுவும் இல்லை. எடுத்து உதறி, பந்தைப் பிரித்து, கூடவே மூன்று நான்கு நடுத்தரத் துணிகளைச் சேர்த்துப் போட்டு, ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். துண்டு என்றால் துண்டுகளாகவே சேர்ப்பது நல்லது. கனத்த ஒரு துண்டும் நாலு கைக்குட்டையும் சேர்ந்தால் சமன் ஆகாது. காற்று மாதிரி லேசான துணி எவ்வளவு சேர்த்தாலும் தண்ணீர் குடித்த ஜீன்ஸுக்கு ஈடாகாது.

டிரம் நிறையத் திணித்திருந்தாலும் இதே ஆட்டம் வரும். இங்கே காரணம் வேறு. துணியைப் பரப்ப மெஷின் டிரம்மை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பும்; நகர இடமில்லாத துணி எப்படிப் பரவும்? பாதியை எடுத்துவிட்டு ஸ்பின் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மழைக்கோட்டு, தண்ணீர் புகாத மெத்தை உறை, ரப்பர் அடி வைத்த விரிப்பு ஆகியவற்றை ஸ்பின்னில் போடவே போடாதீர்கள். அவை தண்ணீரை மடிப்புக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். முழு வேகத்தில் சுழலும்போது அந்தத் தண்ணீர் திடீரென்று விடுபட்டால் சமநிலை ஒரே நொடியில் குலைந்துபோகும். மெஷினே உடைந்துபோகும் அளவுக்கு அடி விழும். இதில் துணியைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கும் வழி எதுவும் கிடையாது.

### எந்தத் துணி போட்டாலும் ஆடுகிறது

டிரம்மைக் காலியாக்கி ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். அப்புறம், ஒரே மாதிரியான ஐந்தாறு துண்டுகளை நனைத்துப் போட்டு ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டிலும் அமைதியாக ஓடினால் மேலே சொன்னதுதான், துணிச் சிக்கல். ஆடினால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கால்கள். மெஷினின் மேல்மூலைகளில் குறுக்குவாட்டில் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அமுக்குங்கள். துளி அசைந்தாலும் ஏதோ ஒரு கால் தரையில் பதியவில்லை. அந்தக் காலின் லாக் நட்டைத் தளர்த்தி, காலைத் திருகித் தரையில் உட்காரவைத்து, நட்டை மறுபடி மெஷின் உடம்போடு சேர்த்து இறுக்குங்கள். நட்டை இறுக்காமல் விட்டால் அதிர்விலேயே கால் திரும்பிப் பழைய இடத்துக்கே போய்விடும். லெவல் பார்த்தும் பயனில்லை என்பவர்கள் பெரும்பாலும் விடுவது இந்த நட்டைத்தான்.

சக்கரம் வைத்த ஸ்டாண்டின் மேல் மெஷின் நிற்கிறதா? இறக்கித் தரையில் வைத்துப் பாருங்கள். வேறு எதையும் தொடாமலே பாதி ஆட்டம் குறையலாம். மெஷினுக்கு அடியில் ரப்பர் பாய் போட்டால் சத்தம் கொஞ்சம் அடங்கும், ஆனால் லெவல் கோளாறுக்கு அது மருந்தல்ல.

அடுத்தது ஷாக் அப்சார்பர், டிரம்மின் அதிர்வை அடக்கும் பாகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, டிரம்மைக் கீழ்நோக்கி அழுத்திச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆடித்தான் அடங்குகிறது என்றால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. இது மெக்கானிக் வேலை. மாற்றும்போது ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள்.

### புதிய மெஷின், அல்லது வீடு மாற்றி வந்தபின் ஆடுகிறது

பின்பக்கம் போய்ப் பாருங்கள். டிரம் ஆடாமல் இருக்க லாரிப் பயணத்துக்காகப் போட்ட டிரான்சிட் போல்ட்டுகள், மூன்றோ நான்கோ, இன்னும் இருக்கிறதா? அவை இருக்கும்போது ஓட்டினால் மெஷின் அறை முழுக்க நடந்து வரும், உள்ளேயும் சேதமாகும். உடனே நிறுத்திக் கழற்றுங்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை இடம் மாற்றும்போது அவை வேண்டும்.

### ஆட்டத்தோடு கரகர சத்தமும் வருகிறது

பிளக்கைப் பிடுங்கி, காலி டிரம்மைக் கையால் சுழற்றுங்கள். சரக் என்று ஒரே இடத்தில் மட்டும் உரசினால் நாணயமோ, உள்ளாடையிலிருந்து கழன்ற கம்பியோ டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே மாட்டியிருக்கும். சுற்று முழுக்கக் கரகரவென்றால் பேரிங், அதாவது டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பாகம். சந்தேகம் தீர, டிரம்மின் மேல்விளிம்பை உள்ளேயிருந்து பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து அசைந்தால் கவலையில்லை, ஸ்பிரிங்கில் தொங்குவதால் அப்படித்தான் அசையும். டிரம் மட்டும் தனியாகக் கடகடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது டிரம்மின் பின்னால் இருக்கும் ஸ்பைடர் என்கிற மூன்று கைத் தாங்கி விரிசல் விட்டிருக்கிறது. இதற்கு மேல் ஓட்ட வேண்டாம். பல மாடல்களில் தொட்டி பிரிக்க முடியாதபடி ஒட்டியே வருகிறது. முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டியிருக்கும். மெஷினுக்கு வயதாகியிருந்தால் செலவை முதலில் கேட்டுக்கொண்டு, பழுது பார்ப்பதா புதிது வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

## கடைசி சில நிமிடத்தில் நேரம் நகரவில்லை. துணி சொட்டச் சொட்ட வருகிறது

திரையில் 9 நிமிடம் என்று காட்டும். அரை மணி கழித்து வந்து பார்த்தாலும் 9 நிமிடம்தான். மெஷின் மெதுவாகச் சுற்றும், நிற்கும், எதிர்ப்பக்கம் சுற்றும். துணியைச் சமன் செய்யப் பார்க்கிறது. முடியவில்லையென்றால் ஸ்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது ஸ்பின்னையே விட்டுவிட்டு நின்றுவிடும். இது பழுது அல்ல, தற்காப்பு.

எல்ஜி மெஷின்களில் இதற்கு யூ-இ என்று குறியீடு வரும். யூ சிறிய எழுத்தில் இருந்தால் இன்னும் தானே சரிசெய்யப் பார்க்கிறது என்று அர்த்தம், பொறுத்திருக்கலாம். பெரிய எழுத்தில் வந்தால் கைவிட்டுவிட்டது, நீங்கள் போய்த் துணியைப் பிரித்துப் போட வேண்டும். சாம்சங்கில் இதே விஷயத்துக்கு யூ-பி என்று வரும்.

### கதவுக் கண்ணாடி வழியே தண்ணீர் தெரியவில்லை

சமன் சிக்கல்தான். முந்தைய தலைப்பில் சொன்னபடி துணியைப் பிரித்து, கூட்டி, குறைத்து மறுபடி ஸ்பின். அதற்கு முன் எந்தப் புரோகிராமில் ஓடியது என்றும் பாருங்கள். கம்பளி, டெலிகேட் புரோகிராம்களில் ஸ்பின் வேகம் இயல்பிலேயே குறைவு. அதில் ஜீன்ஸைப் போட்டுவிட்டுப் பிழியவில்லை என்றால் மெஷின் என்ன செய்யும்?

### தண்ணீர் நிற்கிறது

தண்ணீர் வெளியேறாமல் மெஷின் ஸ்பின் எடுக்காது. முன்பக்கம் கீழ்மூலையில் சிறிய மூடி இருக்கும், அதற்குள் டிரெயின் ஃபில்டர். பிளக்கைப் பிடுங்குங்கள். சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். தட்டையான பாத்திரமும் பழைய துணியும் கையில் இருக்கட்டும்; வரும் தண்ணீர் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பக்கத்தில் சிறிய ரப்பர் குழாய் இருந்தால் அதன் அடைப்பானை எடுத்து முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு ஃபில்டரை இடப்பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். நூல் பிசிறு, ஹேர்பின், நாணயம், குழந்தையின் ஒற்றை சாக்ஸ் என்று வரிசையாக வெளியே வரும். ஃபில்டர் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தெரியும் சிறிய விசிறியில் தலைமுடி சுற்றியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். விசிறி தடையில்லாமல் சுற்றியும் தண்ணீர் போகவில்லை, வெளிக்குழாயும் மடங்கவில்லை என்றால் பம்ப்பைப் பார்க்க ஆள் வர வேண்டும்.

### நுரை நிற்கிறது

டிடர்ஜென்ட் அதிகம், அல்லது கையால் துவைக்கும் தூளைப் போட்டிருக்கிறீர்கள். நுரை டிரம்மைப் பிடித்து இழுப்பதால் ஸ்பின் வேகம் ஏறாது. சோப்பு எதுவும் போடாமல் ரின்ஸ் மட்டும் ஒன்றிரண்டு முறை ஓட்டுங்கள்.

## அழுக்கு போகவில்லை, துணியில் வெள்ளைத் திட்டு

கை அளவை மறுபடி பாருங்கள். ஃப்ரண்ட் லோடில் துணி மேலே போய்க் கீழே விழுந்து அடிபட்டால்தான் அழுக்கு விடும். நெருக்கியடித்துக் கிடந்தால் மொத்தமாக ஒரே மூட்டையாக உருளும்; நடுவில் மாட்டிய சட்டையின் காலர் தண்ணீரைச் சரியாகப் பார்த்திருக்காது. துவைத்து முடிந்ததும் நடுவிலிருந்து ஒரு துணியை உருவிப் பாருங்கள். மடிப்புக்குள் சோப்புத்தூள் அப்படியே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

அழுக்கு போகவில்லையே என்று சோப்பைக் கூட்டுவதுதான் அடுத்து எல்லோரும் செய்வது. வெள்ளைத் திட்டு அங்கேதான் ஆரம்பம். துணியைக் குறையுங்கள், சோப்பைக் கூட்டாதீர்கள். குளிர்ந்த தண்ணீர், குறுகிய புரோகிராம் என்றால் தூளுக்குப் பதிலாக லிக்விட் நன்றாகக் கரையும்.

அளவும் சோப்பும் சரி, இருந்தும் அழுக்கு என்றால், தண்ணீர் வரும் குழாயின் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். கண்ணாடி வழியே தண்ணீர் அதிகம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், இந்த வகை மெஷின் குறைந்த தண்ணீரில்தான் துவைக்கும். 40 அல்லது 60 டிகிரி வைத்து ஓட்டியும் அரை மணி கழித்துக் கதவுக் கண்ணாடி தொட்டால் ஜில்லென்று இருக்கிறதா? ஹீட்டர் வேலை செய்யவில்லை, ஆளைக் கூப்பிடலாம்.

## துணி முறுக்கிக்கொள்கிறது, சுருக்கம் போகமாட்டேன் என்கிறது

பெரிய விரிப்பும் சிறிய துணிகளும் ஒன்றாகப் போனால், விரிப்பு மற்றவற்றை உள்ளே சுருட்டிக்கொண்டு வெளியே வரும். தலையணை உறை, ரஜாய் உறைகளின் பட்டனைப் போட்டுவிட்டுத் துவையுங்கள், இல்லையென்றால் சாக்ஸ் எல்லாம் அதற்குள் குடியேறிவிடும். சுருக்கத்துக்கு, துணி குறைவு, ஸ்பின் வேகம் குறைவு, முடிந்ததும் உடனே எடுத்து உதறுவது. இதற்காக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

## கதவு பூட்டவில்லை, அல்லது கதவடியில் தண்ணீர் கசிகிறது

கதவை முழங்காலால் தள்ளி மூடுகிறீர்களா? துணி அதிகம், வேறு கேள்வியே இல்லை. உள்ளிருந்து துணி கண்ணாடியைத் தள்ளும், பூட்டு சரியாக விழாது, அல்லது சட்டைக்கை ஒன்று கதவுக்கும், வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அந்த ஒரு மடிப்பு போதும், தண்ணீர் வழிந்து தரைக்கு வர. மூடும் முன் கேஸ்கெட்டின் வட்டம் முழுக்க ஒரு முறை விரலை ஓட்டுங்கள்.

துணி மாட்டவில்லை, ஆனாலும் கசிகிறது என்றால் கேஸ்கெட்டின் கீழ்மடிப்பை விரித்துப் பாருங்கள். மணல், தலைமுடி, குழகுழப்பான அழுக்கு இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கிழிசல் இருந்தால் கேஸ்கெட்டை மாற்றத்தான் வேண்டும். பசை ஒட்டினால் நிற்காது. டிரம் மிக நிறைந்து ஓடும்போது சிறிய சாக்ஸ் கேஸ்கெட்டுக்கும் டிரம்முக்கும் இடையில் நழுவிப் போவதும் உண்டு. காணாமல் போனவை சில அங்கே கிடைக்கும்.

துணியே இல்லாமல் மூடியும் கிளிக் என்ற சத்தம் வரவில்லையென்றால் கதவுப் பூட்டு போயிருக்கிறது. மெக்கானிக் வேலை, பெரிய வேலை இல்லை.

## ரப்பர் கருகும் வாடை, டிரம் சுற்றத் திணறுகிறது

நிறுத்துங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். ஆறியபின் துணியைப் பாதியாக்கி ஒரு முறை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வாடை வரவில்லையென்றால் எடை தாங்காமல் பெல்ட் வழுக்கியிருக்கிறது. மறுபடி வந்தால் பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கும். பழைய வகை மோட்டார் என்றால் அதற்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும் டிரம் திணறும். மோட்டாரே டிரம்மை நேராகச் சுற்றும் டைரக்ட் டிரைவ் மெஷினில் பெல்ட்டும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. ரப்பர் வாடை இல்லாமல் பிளாஸ்டிக், வயர் கருகும் வாடை, புகை, தொட்டால் ஷாக் என்றால் ஓட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம், நேராக ஆளைக் கூப்பிடுங்கள்.

## கூப்பிடும்போது

எந்தப் புரோகிராம், என்ன துணி, எத்தனை நிமிடம் மிச்சமிருக்கும்போது சிக்கல் வந்தது, திரையில் என்ன குறியீடு என்று சொல்லுங்கள். ஆடுவதை செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. வாரண்டி இருக்கும்போது மெஷினின் பின்பக்கத்தை நீங்களே கழற்ற வேண்டாம். ஆள் வரும் நாளில் சிக்கல் கொடுத்த அதே துணிகளை எடுத்து வையுங்கள். இல்லையென்றால் காலி டிரம்மை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லி வந்து போன காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.